குழந்தையின் மனநலம்: பெற்றோர் கையில் இருப்பது எது?

பிள்ளைகளின் மனநலம் பற்றி வரும் செய்திகளைப் படிக்கும் பெற்றோருக்கு இரண்டு விதமான பயம் பிடித்துக்கொள்கிறது. ஒன்று, "நான் செய்யும் ஏதோ ஒன்றுதான் என் பிள்ளையைக் கெடுத்துவிடப் போகிறது" என்பது. மற்றது, "என் கையில் எதுவும் இல்லை, போனும் பள்ளியும் நண்பர்களும்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறார்கள்" என்பது. கண்டிக்காதே என்கிறது ஒரு செய்தி. செல்லம் கொடுத்தே கெடுக்கிறோம் என்கிறது அடுத்தது. இரண்டுமே ஆய்வுகளைத்தான் துணைக்கு அழைக்கின்றன.

பெற்றோரால் மாற்றக்கூடியது எது, மாற்ற முடியாதது எது என்று பிரித்துப் பார்த்தால் இந்தக் குழப்பத்தில் பாதி விலகிவிடும். பிள்ளையின் பிறவிச் சுபாவமோ, பிள்ளைக்குள் எழும் உணர்ச்சியோ பெற்றோர் கையில் பெரிதாக இல்லை. அந்த உணர்ச்சியைக் கண்டதும் பெற்றோர் என்ன செய்கிறார்கள் என்பது அவர்கள் கையில் இருக்கிறது. அதற்கு இருக்கும் வலிமை பலரும் நினைப்பதைவிட அதிகம்.

## மனநலம் என்று எதைச் சொல்கிறோம்?

மனநலத்தோடு இருக்கும் குழந்தை எப்போதும் சிரித்துக்கொண்டே இருக்காது. கேட்டது கிடைக்காவிட்டால் அழும், தோற்றால் கோபப்படும், புதியவர்களைக் கண்டால் அம்மாவின் பின்னால் ஒளியும். கொஞ்ச நேரம் கழித்து விளையாடப் போய்விடும். உணர்ச்சி வந்ததா என்று பார்ப்பதைவிட, வந்தது திரும்பிப் போகிறதா என்று பார்ப்பதுதான் பயன் தரும்.

செய்திகளில் ஒன்றோடொன்று கலந்துவிடும் மூன்று நிலைகளைத் தனித்தனியாகப் பார்த்துக்கொள்வது நல்லது.

1. உணர்ச்சி. கோபம், பயம், வருத்தம், பொறாமை. நிமிடக் கணக்கிலோ மணிக் கணக்கிலோ நிற்கும். காரணம் பெரும்பாலும் கண்ணெதிரே இருக்கும்.
2. மன அழுத்தம். தேர்வு, வீடு மாறுதல், தம்பி தங்கை பிறப்பு, நண்பனோடு சண்டை போன்ற ஒரு சுமையால் சில நாட்களோ வாரங்களோ நீடிப்பது. சுமை குறைந்தால் இதுவும் குறையும்.
3. கோளாறு. வாரக் கணக்கில் நீடித்து, தூக்கம், சாப்பாடு, படிப்பு, நட்பு என்று அன்றாட வாழ்க்கையைக் குலைப்பது. பதற்றக் கோளாறு, மனச்சோர்வு நோய் போன்றவை இந்த வகை. இதற்குச் சிகிச்சை வேண்டும். நல்ல வளர்ப்பு மட்டும் போதாது.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 10 முதல் 19 வயதுள்ளவர்களில் ஏழில் ஒருவருக்கு ஏதோ ஒரு மனநலக் கோளாறு இருக்கிறது. 2021-ல் வெளியான ஒரு பெரிய தொகுப்பாய்வு, 192 ஆய்வுகளிலிருந்து ஏழு லட்சத்துக்கும் அதிகமான நோயாளிகளின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்தது. மனநலக் கோளாறு வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கு அது 14 வயதுக்குள்ளும், ஏறக்குறையப் பாதிப் பேருக்கு 18 வயதுக்குள்ளும் தொடங்கியிருந்தது. "சின்னப் பிள்ளைக்கு என்ன மனக்கவலை?" என்ற பழைய கேள்விக்கு இந்த எண்களே பதில். அதே சமயம், ஏழில் ஆறு பேருக்குக் கோளாறு இல்லை. அழுகிற ஒவ்வொரு பிள்ளையையும் நோயாளியாகப் பார்ப்பதும் தவறுதான்.

## குற்றம் யாருடையது?

இந்தத் துறைக்கு அவ்வளவு பெருமைப்பட முடியாத ஒரு வரலாறு உண்டு. 1940களின் பிற்பகுதியிலிருந்து 60கள் வரை, ஆட்டிசத்துக்குக் காரணம் பாசமில்லாத தாய்தான் என்ற கருத்து அமெரிக்க மருத்துவ உலகில் செல்வாக்கோடு இருந்தது. ஸ்கிசோஃப்ரினியா என்னும் மனச்சிதைவு நோய்க்கும் தாயையே கைகாட்டினார்கள். ஆட்டிசம் உள்ள மகனின் தந்தையும் உளவியலாளருமான பெர்னார்ட் ரிம்லண்ட், அது மூளை சார்ந்த நிலை என்று 1964-ல் ஆதாரங்களை அடுக்கிய பிறகுதான் அந்தக் கருத்து ஆட்டம் கண்டது. ஏற்கெனவே தவித்துக்கொண்டிருந்த எத்தனையோ தாய்மார்கள் அதுவரை குற்றவாளிக் கூண்டில் நின்றார்கள்.

இப்போது நமக்குத் தெரிந்த காரணங்கள் பலவாக இருக்கின்றன.

முதலாவது மரபு. இரட்டையர் ஆய்வுகளின்படி, கவனச் சிதறலும் மிகைத் துறுதுறுப்பும் சேர்ந்த ஏடிஹெச்டியில், ஆளுக்கு ஆள் இருக்கும் வேறுபாட்டில் 70 முதல் 80 சதவீதம் வரை மரபணுக்களால் வருவது. மனச்சோர்வு நோயில் இது 40 சதவீதத்துக்குச் சற்றுக் கீழே. இந்தச் சதவீதத்தை எளிதில் தப்பாகப் படித்துவிடலாம். இது ஒரு கூட்டத்துக்குள் இருக்கும் வேறுபாட்டைப் பற்றிய கணக்கு. "என் பிள்ளைக்கு வந்த சோர்வில் 40 சதவீதம் மரபு" என்று ஒரு தனி ஆளுக்கு அதைப் பிரித்துச் சொல்ல முடியாது.

இரண்டாவது, பிறவிச் சுபாவம். அலெக்சாண்டர் தாமஸ், ஸ்டெல்லா செஸ் என்ற மனநல மருத்துவத் தம்பதி 1956-ல் நியூயார்க்கில் நூற்றுச் சொச்சம் கைக்குழந்தைகளைக் கவனிக்கத் தொடங்கி, அவர்கள் பெரியவர்களாகும்வரை தொடர்ந்தார்கள். ஏறக்குறைய 40 சதவீதக் குழந்தைகள் எதற்கும் சுலபமாகப் பழகினார்கள். 10 சதவீதம் பேர் எதற்கும் மல்லுக்கு நின்றார்கள். 15 சதவீதம் பேர் எதிலும் மெல்லத்தான் சேர்ந்தார்கள். மீதிப் பேர் எந்த வகையிலும் அடங்கவில்லை. பிற்காலத்தில் யார் சிரமப்படுகிறார்கள் என்பதைச் சுபாவம் மட்டும் தீர்மானிக்கவில்லை. அந்தச் சுபாவமும் வீட்டின் எதிர்பார்ப்பும் எவ்வளவு பொருந்திப் போயின என்பதும் சேர்ந்தே தீர்மானித்தது. மெல்லப் பழகும் குழந்தையை எல்லார் முன்னாலும் பாடச் சொல்லி வற்புறுத்தும் வீட்டில் அந்தச் சுபாவம் ஒரு பிரச்சினையாகிறது. பத்து நிமிடம் ஓரமாக நின்று வேடிக்கை பார்க்க விடும் வீட்டில் அதே சுபாவம் வெறும் சுபாவமாகவே இருந்துவிடுகிறது.

மூன்றாவது சூழல்: வறுமை, வன்முறை, இழப்பு, பள்ளியில் கேலி, குடும்பச் சண்டை. ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கவாயில் 1955-ல் பிறந்த 698 குழந்தைகளை எமி வெர்னரும் அவரது குழுவினரும் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார்கள். பல கஷ்டங்களுக்கு நடுவே பிறந்த பிள்ளைகளில் மூன்றில் ஒருவர் எல்லாவற்றையும் மீறி நன்றாக வளர்ந்திருந்தார். அப்படி வளர்ந்தவர்களிடம் திரும்பத் திரும்பத் தென்பட்ட ஒரு விஷயம், நம்பி ஒட்டிக்கொள்ள ஒரு பெரியவராவது இருந்தது. அது அம்மாவாகவோ அப்பாவாகவோதான் இருக்க வேண்டும் என்பதில்லை. பாட்டி, அத்தை, ஆசிரியர் என்று யாராகவும் இருந்தார்கள்.

## கோபத்தின் நடுவில் புத்திமதி ஏன் ஏறுவதில்லை?

ஆபத்து என்று மூளைக்குத் தோன்றியதும் அமிக்டலா என்ற சிறு பகுதி எச்சரிக்கை கொடுக்கிறது. அட்ரினலின் சுரக்கிறது, இதயம் வேகமாகத் துடிக்கிறது, கைகால் இறுகுகிறது. இதை அடக்கி, யோசித்து, "பரவாயில்லை" என்று முடிவெடுப்பது நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளைப் பகுதி. அந்தப் பகுதி முழுமையாக முதிர்ச்சி அடைய இருபது வயதைத் தாண்டி இன்னும் சில ஆண்டுகள் ஆகும். நான்கு வயதுப் பிள்ளையிடம் "கொஞ்சம் யோசிச்சுப் பாரு" என்று சொன்னால், அதனிடம் இன்னும் முழுதாக உருவாகாத ஒன்றைக் கேட்கிறோம்.

அரை மணி நேரமாக அடுக்கிய கட்டைக் கோபுரம் சரிந்துவிட்டது. பிள்ளை வீறிட்டு அழுகிறது. "இதுக்குப் போய் யாராவது அழுவாங்களா? வேற கட்டிக்கலாம், வா" என்பதுதான் நமக்கு உடனே வாயில் வரும். அன்போடு சொல்வதுதான். பிள்ளைக்கு அது, தனக்குப் பெரிதாகத் தெரிவது ஒன்றுமே இல்லை என்பதாகப் போய்ச் சேரும். எனவே அது பெரிது என்று நிரூபிக்க இன்னும் சத்தமாக அழும். "எவ்வளவு நேரமா கட்டினே, விழுந்துடுச்சே! கோபமா வருது, இல்ல?" என்று பக்கத்தில் உட்கார்ந்து சொன்னால் அழுகை உடனே நிற்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் நிரூபிக்கும் வேலை பிள்ளைக்கு இல்லாமல் போகிறது.

உணர்ச்சிக்குப் பெயர் சொல்வதற்கு ஓர் உடலியல் காரணமும் இருக்கிறது. கலிபோர்னியாவில் மேத்யூ லீபர்மன் குழுவினர் 2007-ல் வெளியிட்ட ஆய்வில், பயமும் கோபமும் தெரியும் முகப் படங்களைப் பார்த்தவர்கள் அந்த உணர்ச்சிக்கு ஒரு சொல்லைத் தேர்ந்தெடுத்தபோது அமிக்டலாவின் வேகம் குறைந்து, முன்மூளையின் ஒரு பகுதி கூடுதலாக வேலை செய்தது. அது பெரியவர்களிடம் செய்த ஆய்வு என்பதையும் சொல்லிவிட வேண்டும். பிள்ளைகளுக்கு அந்தச் சொற்கள் கைவசம் இருப்பதில்லை. "கோபமா", "பயமா", "ஏமாற்றமா" என்று நாம் எடுத்துக் கொடுத்துத்தான் அவை வந்து சேர்கின்றன.

## பெரியவரின் அமைதி, பிள்ளைக்குக் கடன்

தன்னை அமைதிப்படுத்திக்கொள்ளும் திறனோடு யாரும் பிறப்பதில்லை. பெரியவரின் குரல், முகம், தோள் இவற்றைப் பிடித்துக்கொண்டு ஆயிரம் முறை அடங்கிய பிறகுதான் பிள்ளை தானாக அடங்கப் பழகுகிறது. இதற்கு நேர்மாறாக ஒரு காலத்தில் நிபுணர்களே பேசியிருக்கிறார்கள். 1928-ல் புகழின் உச்சியில் இருந்த அமெரிக்க உளவியலாளர் ஜான் வாட்சன், பிள்ளையை அணைக்க வேண்டாம், முத்தமிட வேண்டாம், காலையில் கைகுலுக்கினால் போதும் என்று பெற்றோருக்கு அறிவுரை சொன்னார். நிபுணர் சொல்வதையெல்லாம் அப்படியே கேட்காத அம்மாக்கள் இருந்தது அந்தத் தலைமுறைக்கு நல்லதாகப் போயிற்று.

பெரியவரின் முகம் பிள்ளைக்கு எவ்வளவு முக்கியம் என்பதை, 1970களில் அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் ட்ரானிக் செய்த ஒரு சோதனை கண்கூடாகக் காட்டியது. சில மாதக் குழந்தையோடு தாய் கொஞ்சி விளையாடுகிறாள். பிறகு, சொல்லிவைத்தபடி சில நிமிடங்களுக்கு முகத்தில் எந்தச் சலனமும் இல்லாமல் குழந்தையையே பார்க்கிறாள். குழந்தை முதலில் சிரித்துப் பார்க்கிறது. கையை நீட்டுகிறது, குரல் கொடுக்கிறது. தாயின் முகம் அசையவில்லை என்றதும் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறது, உடல் தளர்கிறது, சில குழந்தைகள் அழத் தொடங்கிவிடுகின்றன. திட்டவில்லை, தொடவில்லை, முகம் பதில் சொல்லாததற்கே இவ்வளவு. போனில் மூழ்கிய முகத்தைப் பற்றி இப்போது வரும் எச்சரிக்கைகளின் வேர் இங்கேதான் இருக்கிறது.

இதைப் படித்துவிட்டு இனி ஒரு நொடிகூட முகத்தைத் திருப்பக் கூடாது என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். ட்ரானிக்கின் அடுத்த கண்டுபிடிப்பு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. நன்றாக இருக்கும் தாய்–சேய் ஜோடிகளில்கூட இருவரும் ஒத்துப்போவது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நேரம்தான். மற்ற நேரமெல்லாம் ஒருவர் சிரித்தால் மற்றவர் எங்கோ பார்க்கிறார். தவறவிடுவது சகஜம், தவறவிட்ட பிறகு மறுபடி வந்து சேர்வதில்தான் குழந்தைக்கு நம்பிக்கை பிறக்கிறது. "குழந்தைக்குப் போதுமான அளவு நல்ல தாய்" என்று 1950களிலேயே பிரிட்டிஷ் குழந்தை மருத்துவர் டொனால்ட் வினிகாட் சொன்னதும் ஏறக்குறைய இதைத்தான்.

பெரிய பிள்ளைகளிடம் இந்த மறுபடி வந்து சேர்தல் வாய்வார்த்தையாக நடக்கிறது. கத்திவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். "புத்தகத்தை எடுத்து வைக்காதது பத்தி நாம அப்புறம் பேசலாம். ஆனா நான் கத்தினது தப்பு. பயந்துட்டியா?" இவ்வளவு போதும். "நீ அப்படிப் பண்ணினதாலதானே நான் கத்தினேன்" என்று கடைசியில் ஒட்டிவிட்டால் மன்னிப்பு மறுபடியும் திட்டாக மாறிவிடும். அரை மணி நேரம் அழுது புலம்பி மன்னிப்புக் கேட்பதும் வேண்டாம். அப்போது பிள்ளை நம்மைத் தேற்ற வேண்டியதாகிவிடும்.

## பதற்றம்: உதவியே உபத்திரவமாகும் இடம்

குழந்தைகளிடம் மிக அதிகமாகக் காணப்படும் மனநலப் பிரச்சினைகளில் பதற்றம் ஒன்று. பாசமான பெற்றோர் அறியாமலே அதை வளர்த்துவிடுவதும் உண்டு. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும்.

ஒன்பது வயதுச் சிறுமி. இரவு விளக்கணைத்த பிறகு:

"அம்மா, நாளைக்கு ஸ்கூல் விட்டதும் நீதானே வருவே?"

"ஆமாம்டா, நான்தான் வருவேன்."

"லேட் ஆகாதே?"

"ஆகாது."

"ட்ராஃபிக் இருந்தா?"

"அஞ்சு நிமிஷம் முன்னாடியே கிளம்பிடறேன். தூங்கு."

"சத்தியமா?"

ஒவ்வொரு பதிலும் அந்த நொடிக்கு நிம்மதி தருகிறது. அந்த நிம்மதியே அடுத்த கேள்விக்கு வழிவிடுகிறது. பத்து நாளில் அம்மா முக்கால் மணி நேரம் முன்பே பள்ளி வாசலில் நிற்கிறாள். ஒரு மாதத்தில், மதியம் பள்ளி அலுவலகத்திலிருந்து அம்மாவுக்கு ஒருமுறை போன் போட்டால்தான் சிறுமியால் வகுப்பில் உட்கார முடிகிறது. இதில் யாரும் தப்பு செய்யவில்லை. பிள்ளை துடிப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க எந்த அம்மாவாலும் முடியாது.

இதற்குள் நடப்பது இதுதான்:

1. பயம் எழுகிறது.
2. பயந்ததைத் தவிர்க்கிறோம், அல்லது பெரியவர் வந்து விலக்கிவிடுகிறார்.
3. பயம் சட்டென்று இறங்குகிறது.
4. "தவிர்த்ததால்தான் தப்பித்தேன்" என்று மூளை பாடம் படிக்கிறது. தவிர்க்காமல் இருந்திருந்தாலும் பயம் தானாக இறங்கியிருக்கும் என்பதைக் கற்கும் வாய்ப்பு போய்விடுகிறது.
5. அடுத்த முறை பயம் இன்னும் சீக்கிரம் எழுகிறது. இன்னும் அதிகமாகத் தவிர்க்க வேண்டியிருக்கிறது.

பிள்ளையின் பயத்துக்கு ஏற்றபடி குடும்பமே தன் நடைமுறையை மாற்றிக்கொள்வதை நிபுணர்கள் தனியாக ஆராய்கிறார்கள். பிள்ளைக்குப் பதிலாகப் பேசுவது, கடையில் பிள்ளை கேட்க வேண்டியதை நாமே கேட்பது, நாய் இருக்கும் வீட்டுக்குப் போகாமல் இருப்பது, தனியாகத் தூங்கப் பயப்படும் பன்னிரண்டு வயதுப் பையனோடு தினமும் படுப்பது எல்லாம் இதில் அடங்கும். யேல் பல்கலைக்கழகத்தின் எலி லெபோவிட்ஸ் இதை அடிப்படையாக வைத்து ஒரு சிகிச்சையை உருவாக்கினார். அதில் பிள்ளை சிகிச்சையாளரைச் சந்திப்பதே இல்லை. பெற்றோர் மட்டும் வந்து, தங்கள் நடத்தையை எப்படி மாற்றுவது என்று கற்கிறார்கள். பதற்றக் கோளாறு உள்ள 7 முதல் 14 வயதுவரையிலான 124 பிள்ளைகளைக் கொண்டு நடத்திய சோதனையில், எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் அறிவாற்றல்–நடத்தைச் சிகிச்சையைப் பிள்ளைகளுக்கே நேரடியாகக் கொடுத்தபோது கிடைத்ததற்கு நிகரான பலன் இதிலும் கிடைத்தது. பெற்றோரின் பதிலுக்கு எவ்வளவு வலிமை என்பதற்கு இதைவிட நேரடியான சான்று எளிதில் கிடைக்காது.

அதன் நடைமுறை ஏறக்குறைய இப்படிப் போகும்.

முதலில், நாம் எங்கெங்கே வளைந்து கொடுக்கிறோம் என்று ஒரு வாரம் குறித்து வைக்க வேண்டும். பட்டியல் நீளமாக இருக்கும், அதிர்ச்சி வேண்டாம். அதிலிருந்து ஒன்றே ஒன்றை எடுக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்தினால் அது பிள்ளைக்குத் தண்டனையாகத்தான் தெரியும். எடுத்ததைச் சண்டை நடக்கும் நேரத்தில் அறிவிக்காமல், இருவரும் நிதானமாக இருக்கும்போது சொல்ல வேண்டும்.

சொல்வதில் இரண்டு பாகமும் இருக்க வேண்டும்: கஷ்டம் உண்மை என்ற ஒப்புதல், உன்னால் தாங்க முடியும் என்ற நம்பிக்கை. "ராத்திரி உனக்கு ரொம்பப் பயமா இருக்குன்னு எனக்குத் தெரியும். அந்தப் பயத்தை உன்னால தாங்க முடியும்னும் தெரியும். இனிமே அந்தக் கேள்விக்கு நான் ஒரு தடவைதான் பதில் சொல்வேன்." முதல் பாகம் மட்டும் இருந்தால் பரிதாபமாகிவிடும். இரண்டாவது மட்டும் இருந்தால் "தைரியமா இரு" என்ற வழக்கமான அதட்டல்தான்.

முதல் சில நாட்கள் அழுகையும் கோபமும் கூடும். பல வீடுகளில் இங்கேதான் கைவிடுகிறார்கள். ஒரு நாள் உறுதியாக இருந்து மறுநாள் இளகினால், இன்னும் அழுத்திக் கேட்டால் கிடைக்கும் என்பதைத்தான் பிள்ளை கற்றுக்கொள்ளும். தாத்தா பாட்டி உட்பட வீட்டில் உள்ள எல்லாரும் ஒரே மாதிரி நடந்துகொள்ள வேண்டும். நடைமுறையில் மிகவும் கடினமான பகுதி அதுதான்.

ஓர் எச்சரிக்கை. பயத்துக்கு உண்மையான காரணம் இருந்தால் இந்த முறை பொருந்தாது. பள்ளி என்றாலே பயப்படும் பிள்ளையை அங்கே யாராவது அடிக்கிறார்களா, கேலி செய்கிறார்களா, தகாத முறையில் தொடுகிறார்களா என்பதை முதலில் விசாரிக்க வேண்டும். உண்மையான ஆபத்திலிருந்து பிள்ளையை விலக்குவதற்கு இரண்டாவது யோசனையே தேவையில்லை.

## அப்படியானால் கண்டிக்கவே கூடாதா?

உணர்ச்சியை ஏற்றுக்கொள் என்றால் நடத்தையையும் ஏற்றுக்கொள் என்று புரிந்துகொண்டு கேலி செய்கிறவர்கள் உண்டு. இரண்டும் வேறு. "தம்பி மேல கோபம் வரலாம். அடிக்கக் கூடாது" என்ற இரண்டு சிறு வாக்கியங்களில் கண்டிப்பும் இருக்கிறது, பரிவும் இருக்கிறது. 1960களில் அமெரிக்க உளவியலாளர் டயானா பாம்ரிண்ட் பெற்றோர்களை வகைப்படுத்தியபோது, வெறும் கண்டிப்பும் வெறும் செல்லமும் அல்லாத மூன்றாவது வகையைப் பிரித்துக் காட்டினார். விதியும் உண்டு, அதற்கான காரணத்தைச் சொல்வதும் உண்டு, பிள்ளை சொல்வதைக் கேட்பதும் உண்டு. அதற்குப் பிறகு வந்த ஆய்வுகள் பெரும்பாலும் இந்த வகை வீட்டுப் பிள்ளைகளின் பக்கமே சாய்ந்திருக்கின்றன.

அடிப்பதைப் பொறுத்தவரை இழுபறிக்கு இடமில்லை. 2016-ல் வெளியான, 1,60,000-க்கும் அதிகமான பிள்ளைகளின் விவரங்களைத் தொகுத்த ஆய்வில், அடி வாங்கும் பிள்ளைகளிடம் முரட்டுத்தனமும் மனநலச் சிக்கல்களும் அதிகமாக இருந்தன. நாளடைவில் சொல் பேச்சு கேட்பதும் கூடவில்லை. முரடாக இருப்பதால்தான் அடி வாங்குகிறார்கள் என்று ஒருவர் திருப்பிக் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதற்கு இடம் கொடுத்த பிறகும், அடித்ததால் நல்லது நடந்தது என்று காட்டும் பக்கம் காலியாகவே இருக்கிறது. பிள்ளைகளை அடிப்பதைச் சட்டத்தால் முழுமையாகத் தடுத்த முதல் நாடு ஸ்வீடன், ஆண்டு 1979.

## தூக்கமும் போனும்

இதில் சொல்ல வேண்டியது குறைவு. 6 முதல் 12 வயதுக்கு ஒரு நாளில் 9 முதல் 12 மணி நேரமும், 13 முதல் 18 வயதுக்கு 8 முதல் 10 மணி நேரமும் தூக்கம் வேண்டும் என்பது அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016-ல் வெளியிட்ட பரிந்துரை. தூக்கம் குறைந்த பிள்ளையிடம் எரிச்சல், கவனக்குறைவு, சோர்வு மூன்றும் சேர்ந்தே வரும். போன் பிள்ளைகளின் மனநலத்தை எவ்வளவு பாதிக்கிறது என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் தகராறு நடக்கிறது. ஆனால் படுக்கையில் இருக்கும் போன் தூக்கத்தைத் தின்கிறது என்பதில் பெரிய தகராறு இல்லை. ஒரே ஒரு விதி மட்டும்தான் போட முடியும் என்றால், ராத்திரி எல்லார் போனும் படுக்கையறைக்கு வெளியே என்ற விதியைப் போடலாம். பெற்றோர் போனும் சேர்த்துத்தான்.

## எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்?

மூன்று கேள்விகள் போதும்: எவ்வளவு நாளாக? எத்தனை இடங்களில்? எதை நிறுத்திவிட்டது? வீட்டில் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நண்பர்களோடு சிரித்துப் பேசும் பதின்ம வயதுப் பெண்ணுக்கு அனேகமாக வயதுதான் காரணம். வீடு, பள்ளி, நண்பர்கள் என எல்லா இடத்திலும் இரண்டு வாரத்துக்கு மேல் சுருங்கிக் கிடந்தால் காட்டுவது நல்லது.

பிள்ளைகளின் நோய் பெரியவர்களின் நோயைப் போல முகம் காட்டாது.

1. மனச்சோர்வு, வருத்தமாக அல்லாமல் எரிச்சலாக வெளிப்படலாம். தொட்டதற்கெல்லாம் சீறும் பிள்ளை "திமிர் பிடித்தவன்" என்ற பெயரோடு மாதக் கணக்கில் சிகிச்சை இல்லாமல் இருந்துவிடுகிறான்.
2. பதற்றம், வயிற்று வலியாகவும் தலைவலியாகவும் வரலாம். திங்கள் காலை வந்து விடுமுறை நாளில் மறையும் வலி நடிப்பல்ல. வலி உண்மையாகவே இருக்கும். பரிசோதித்து உடலில் கோளாறு இல்லை என்று தெரிந்த பிறகு மனதைப் பார்க்க வேண்டும்.
3. நன்றாகப் படித்த பிள்ளையின் மதிப்பெண் சரிவது, பிடித்த விளையாட்டை விடுவது, நண்பர்களைத் தவிர்ப்பது.
4. சின்னப் பிள்ளை, ஏற்கெனவே விட்டுவிட்ட பழக்கங்களுக்குத் திரும்புவது: படுக்கையை நனைப்பது, மழலைப் பேச்சு, பிரிய மறுப்பது.
5. உடல் எடை வேகமாகக் குறைவது, உடலைக் காயப்படுத்திக்கொள்வது, இல்லாத குரல்கள் கேட்பதாகச் சொல்வது, சாவைப் பற்றிப் பேசுவது. இவற்றுக்கு இரண்டு வாரக் கணக்குப் பார்க்கக் கூடாது. உடனே போக வேண்டும்.

எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் வழக்கமாகப் பார்க்கும் குழந்தை மருத்துவரிடமே தொடங்கலாம். மனநல மருத்துவர் மருந்து எழுதித் தரக்கூடியவர். உளவியலாளர் பேச்சு வழியாகவும் நடத்தைப் பயிற்சி வழியாகவும் சிகிச்சை தருபவர். பல பிள்ளைகளுக்கு மருந்தே தேவைப்படாது.

## கேட்கப் பயப்படும் கேள்வி

"செத்துப்போகலாம்னு எப்பவாவது தோணுதா?" என்று கேட்டால் நாமே அந்த எண்ணத்தை விதைத்துவிடுவோமோ என்பது பெற்றோரிடம் பரவலாக இருக்கும் பயம். இதை நேரடியாகச் சோதித்திருக்கிறார்கள். 2005-ல் வெளியான ஒரு ஆய்வில், நியூயார்க் மாநிலப் பள்ளி மாணவர்கள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரில் ஒரு பகுதியினரிடம் தற்கொலை எண்ணம் பற்றிக் கேட்டார்கள், மறு பகுதியினரிடம் கேட்கவில்லை. கேட்கப்பட்டவர்களிடம் அந்த எண்ணம் கூடவில்லை. ஏற்கெனவே மனச்சோர்வில் இருந்தவர்களின் தவிப்பு, கேட்டதால் குறைந்ததாகவே தெரிந்தது.

ஆகவே கேட்கலாம், நேராகவே கேட்க வேண்டும். "அந்த மாதிரி எதுவும் இல்லையே?" என்று கேட்டால், இல்லை என்று சொல் என்று நாமே சொல்லிக்கொடுத்ததாகிவிடும். "ஆமாம்" என்று பதில் வந்தால் அதிர்ச்சியை முகத்தில் காட்டாமல் கேட்டுக்கொள்வதுதான் முதல் வேலை. "நாங்க உனக்கு என்ன குறை வெச்சோம்?" என்ற கேள்வியை விழுங்கிவிட வேண்டும், அந்தக் கேள்வியோடு பேச்சு முடிந்துவிடும். பிள்ளையைத் தனியாக விடக் கூடாது. மருந்துகளையும் விஷப் பொருள்களையும் பூட்டி வைக்க வேண்டும். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும், அல்லது நாட்டின் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணை அழைக்க வேண்டும். தீவிரமான அந்த எண்ணம் பெரும்பாலும் அலைபோல் வந்து இறங்குவது. அது உச்சத்தில் இருக்கும் நேரத்தில் கைக்கு எட்டும் தூரத்தில் எதுவும் இல்லாமல் இருப்பதே பல உயிர்களைக் காப்பாற்றுகிறது.

## பெற்றோரின் நோயும் இதில் சேர்த்திதான்

பெற்றோரின் பதில்தான் முக்கியம் என்றால், அந்தப் பதிலைக் கொடுக்க முடியாத நிலையில் பெற்றோரே இருந்தால்? மனச்சோர்வில் இருக்கும் அம்மாவின் முகம், ட்ரானிக்கின் சோதனையில் வந்த அந்தச் சலனமற்ற முகத்தைப் போல மாதக் கணக்கில் இருக்கலாம். அவள் விரும்பி அப்படி இருப்பதில்லை. அப்பாவின் மனச்சோர்வும் பிள்ளையைப் பாதிக்கும்; அது கோபமாகவோ விலகலாகவோ வெளிப்படுவதால் யாரும் அதை நோய் என்று கண்டுகொள்வதில்லை.

மிர்னா வைஸ்மன் குழுவினர் 2006-ல் வெளியிட்ட ஆய்வில், மனச்சோர்வுக்குச் சிகிச்சை எடுத்துக்கொண்ட 151 தாய்மார்களின் பிள்ளைகளையும் கவனித்தார்கள். ஆய்வின் பகுதியாகப் பிள்ளைகளுக்கு எந்தச் சிகிச்சையும் தரப்படவில்லை. மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது, ஏற்கெனவே ஏதோ ஒரு கோளாறு இருந்த பிள்ளைகளில், தாய் குணமான வீடுகளில் 33 சதவீதம் பேர் குணமாகியிருந்தார்கள். தாய் குணமாகாத வீடுகளில் அது 12 சதவீதம்.

பிள்ளையை அழைத்துக்கொண்டு போகும் முதல் சந்திப்பில், "நீங்கள் எப்படித் தூங்குகிறீர்கள்? வீட்டில் யாருக்காவது இப்படி இருந்திருக்கிறதா?" என்று மருத்துவர் கேட்பது இதனால்தான். பழி போடக் கேட்பதாக நினைத்து "நாங்க நல்லாத்தான் இருக்கோம் டாக்டர், இவனுக்குத்தான் பிரச்சினை" என்று பல பெற்றோர் அந்தக் கேள்வியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். உண்மையைச் சொன்னால் பிள்ளையின் சிகிச்சைத் திட்டமே மாறக்கூடும். சில வீடுகளில் முதல் மருந்துச் சீட்டு அம்மாவின் பெயரிலோ அப்பாவின் பெயரிலோ எழுதப்படும்.